எழுத்து வராத காமடோர் 64: விசைப்பலகைக் கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழி

காமடோர் 64 கணினியை இயக்கியதும் நீலத்திரை வருகிறது, 38911 பைட் காலியாக இருப்பதாக அறிவிப்பு வருகிறது, ‘ரெடி’ என்ற சொல்லும் அதன் கீழே கர்சரும் வருகின்றன. ஆனால் எந்த விசையை அழுத்தினாலும் திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. இந்த நிலையில் பெரும்பாலானோர் முதலில் குற்றம் சாட்டுவது, விசைப்பலகையைப் படிக்கும் 6526 என்ற எண் கொண்ட சில்லைத்தான். அது கெட்டுப்போவது உண்மையே. ஆனால் அதைக் கழற்றி மாற்றுவது இந்த வேலையின் கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்பதை நான் அனுபவித்தே கற்றுக்கொண்டேன். என்னிடம் முதலில் பழுதுபார்க்க வந்த காமடோரில் நாற்பது கால்களையும் சூடாக்கி அந்தச் சில்லை எடுத்தபோது பலகையிலிருந்த செப்புத்தடம் ஒன்று உரிந்து வந்துவிட்டது. கோளாறோ, விசைப்பலகையின் கம்பிக் கொத்தில் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்ததுதான். 1982இல் விற்பனைக்கு வந்து 1994 வரை தயாரிக்கப்பட்ட இந்தக் கணினிகளில் இன்று எஞ்சியிருப்பவற்றுக்கு நாம் புதிய காயம் எதையும் உண்டாக்கக் கூடாது. ஆகவே கீழே சொல்லப்படும் வரிசை, கணினியைத் திறக்காமலே செய்யக்கூடிய சோதனைகளில் தொடங்கி, உலோகப் பற்றை உருக்கும் சால்டர் கோலைக் கையிலெடுக்கும் கட்டத்தைக் கூடியவரை தள்ளிப்போடுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, மின்சாரம் வழங்கும் பெட்டியைச் சோதிக்க வேண்டும். கணினியோடு வந்த பழைய பெட்டிகளின் உட்பகுதி பிசின் ஊற்றி அடைக்கப்பட்டது; அவை கெடும்போது 5 வோல்ட் வழங்க வேண்டிய முனையில் அதற்கு மேல் ஏற்றிவிடுகின்றன, அதனால் நினைவகச் சில்லுகள் எரிந்துபோகின்றன. பெட்டியைக் கணினியில் செருகாமல், அதன் ஏழு முனை பிளக்கில் 2ஆம் முனைக்கும் 5ஆம் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட (டிசி) வோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருந்தால் தொடரலாம். 5.25ஐத் தாண்டினால் அந்தப் பெட்டியை மறுபடியும் பயன்படுத்த வேண்டாம். சரியான அளவு காட்டினாலும் நாற்பது ஆண்டு பழைய பெட்டியை நம்பியிருப்பதைவிட, இப்போது புதிதாகச் செய்து விற்கப்படும் ஒன்றை வாங்கிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, கணினியை அணைத்துவிட்டு அதில் செருகியுள்ள அனைத்தையும் கழற்றுங்கள்: கார்ட்ரிட்ஜ், டேப் பெட்டி, வட்டு இயக்கி, குறிப்பாக இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். காமடோர் 64இல் ஜாய்ஸ்டிக்குக்கென்று தனிச் சுற்று கிடையாது. விசைப்பலகையைப் படிக்கும் அதே கம்பிகளைத்தான் ஜாய்ஸ்டிக்கும் பகிர்ந்துகொள்கிறது. 1ஆம் போர்ட்டில் உள்ள ஜாய்ஸ்டிக்கின் சுடும் பொத்தான் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால், கணினி அதை ஸ்பேஸ் விசையாகவே படிக்கும். கர்சர் தானாக வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், மற்ற விசைகள் ஏறக்குறைய எல்லாமே ஊமையாகிவிடும். 2ஆம் போர்ட்டில் அதே கோளாறு இருந்தால் விளைவு வேறு விதமாக இருக்கும். எதையும் அழுத்தாதவரை எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். 9ஐ அழுத்தினால் 1 விழும், ஓ என்ற எழுத்தை அழுத்தினால் கியூ விழும். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றியதும் இந்தக் குறிகள் மறைந்தால் கணினியில் கோளாறே இல்லை. மறையாவிட்டால், எந்தக் கம்பியைத் தேட வேண்டும் என்பதற்கு நல்லதொரு தடயம் கிடைத்திருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

இப்போது கர்சரைக் கவனியுங்கள். அது துடிக்கிறதா, அசையாமல் நிற்கிறதா? பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும் இந்தக் கேள்வி பாதிக் கோளாறுகளைத் தரம் பிரித்துவிடும். பலகையில் யூ1 என்று குறிக்கப்பட்ட 6526 சில்லுக்குள் இருக்கும் ஒரு நேரங்காட்டி, நொடிக்கு ஏறத்தாழ 60 முறை மையச் செயலியைத் தட்டி எழுப்புகிறது. அந்த ஒவ்வொரு தட்டலிலும் கணினி செய்யும் வேலைகளில் இரண்டு, கர்சரைத் துடிக்க வைப்பதும் விசைப்பலகையைப் படிப்பதும் ஆகும். ஆகவே கர்சர் துடித்துக்கொண்டிருந்தால் யூ1 சில்லு உயிரோடு இருக்கிறது, தட்டல் போய்ச் சேருகிறது, கணினி விசைப்பலகையைப் படிக்க முயன்றுகொண்டுதான் இருக்கிறது. கர்சர் தோன்றவே இல்லை அல்லது துடிக்காமல் உறைந்து நிற்கிறது என்றால், விசைப்பலகையைப் பிரித்துத் துடைப்பதால் பயன் ஏதும் இராது. நேராக யூ1 சில்லையும் அதன் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும்.

கர்சர் துடிக்கும் கணினிகளில், எந்தெந்த விசைகள் வேலை செய்யவில்லை என்று பொறுமையாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு தாளில் விசைப்பலகையின் படத்தை வரைந்து, ஒவ்வொரு விசையையும் மூன்று முறை அழுத்தி, வருவதற்கு ஒரு குறியும் வராததற்கு ஒரு குறியும், வேறு எழுத்து வந்தால் அந்த எழுத்தையும் குறியுங்கள். இதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும். இந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதே இந்தப் பழுதுபார்ப்பின் உயிர் என்று நான் கருதுவதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

காமடோர் 64இல் 66 விசைகள் உண்டு. அவற்றில் ரீஸ்டோர் விசை தனியாக ஒரு கம்பியில் போகிறது. ஷிஃப்ட் லாக் என்பது இடப்பக்க ஷிஃப்ட்டோடு இணையாகச் சேர்க்கப்பட்ட வெறும் பூட்டு. எஞ்சிய 64 விசைகளும், பள்ளிக் கணக்கில் நாம் படித்த அணியைப் போலவே, எட்டு நிரைகளாகவும் எட்டு நிரல்களாகவும் இணைக்கப்பட்டுள்ளன. யூ1 சில்லின் ஏ முனையத்திலிருந்து எட்டு நிரல் கம்பிகள் புறப்படுகின்றன. பி முனையத்துக்கு எட்டு நிரை கம்பிகள் வந்து சேர்கின்றன. கணினி நிரல்களை ஒவ்வொன்றாகப் பூச்சிய வோல்ட்டுக்கு இறக்கி, அந்தக் கணத்தில் எந்த நிரை கூடவே இறங்குகிறது என்று பார்க்கிறது. ஒரு விசையை அழுத்துவது என்பது ஒரு நிரலையும் ஒரு நிரையையும் தொட வைப்பதுதான், வேறொன்றுமில்லை.

இதிலிருந்து மூன்று விதமான கோளாறுகள் பிறக்கின்றன. ஒரே ஒரு விசையோ, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று விசைகளோ வேலை செய்யாவிட்டால், அது அந்த விசைகளுக்கு அடியிலுள்ள தொடுபுள்ளியின் அழுக்கு. சரியாக எட்டு விசைகள் ஒன்றாகச் செத்திருந்தால், ஒரு கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. எல்லாமே செத்திருந்தால் இணைப்பி கழன்றிருக்கலாம், சில்லு கெட்டிருக்கலாம், அல்லது ஒரு விசை அழுத்திய நிலையிலேயே சிக்கி மற்றவற்றை மறைத்துக்கொண்டிருக்கலாம்.

அறுந்தது நிரையா நிரலா என்பதைத் தாளில் உள்ள வடிவமே சொல்லிவிடும். நிரை அறுந்தால், செத்த விசைகள் ஒரே வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும். மேல்வரிசை எண்களில் 1, 3, 5, 7, 9 ஆகிய ஒற்றைப்படை எண்கள் மட்டும் வராவிட்டால் அறுந்தது 0ஆம் நிரை. 2, 4, 6, 8, 0 மட்டும் வராவிட்டால் 3ஆம் நிரை. அதற்கடுத்த வரிசையில் டபிள்யூ, ஆர், ஒய், ஐ போன்றவை போனால் 1ஆம் நிரை. கியூ, இ, யூ, ஓ போன்றவை போனால் 6ஆம் நிரை. நிரல் அறுந்தாலோ, செத்த விசைகள் மேலிருந்து கீழாக ஒரு கொத்தாக நிற்கும். 3, 4, டபிள்யூ, இ, ஏ, எஸ், இசட், இடப்பக்க ஷிஃப்ட் ஆகிய எட்டும் 1ஆம் நிரல். 9, 0, ஐ, ஓ, ஜே, கே, எம், என் ஆகியவை 4ஆம் நிரல். வலப்பக்கம் உள்ள நான்கு செயல் விசைகள், இரண்டு கர்சர் விசைகள், ரிட்டர்ன், டெலீட் ஆகியவை ஒன்றாகப் போனால் அது 0ஆம் நிரல். பலகை வடிவமைத்தவர்கள் கைக்கொண்ட இந்த ஒழுங்கு, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பழுதுபார்ப்பவருக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை எண்ணும்போது எனக்கு அவர்கள்மேல் உண்மையான நன்றியுணர்வு உண்டாகிறது.

எழுத்து வராமல் இருப்பதும் வேறு எழுத்து வருவதும் வெவ்வேறு நோய்கள். அறுந்த கம்பி எழுத்தை வரவிடாது. பூச்சிய வோல்ட்டில் சிக்கிய கம்பி தவறான எழுத்தைத் தரும். ஜாய்ஸ்டிக் எதுவும் செருகாத நிலையிலும் 9ஐ அழுத்தினால் 1 வருகிறது என்றால், 4ஆம் நிரல் எங்கோ தரைமுனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது சில்லுக்குள் அந்தக் கால் செத்துவிட்டது. கணினி நிரல்களை 0இலிருந்து 7 வரை வரிசையாகப் பார்த்து, கடைசியில் கண்ட விசையையே எடுத்துக்கொள்வதுதான் இந்த இடமாற்றத்துக்குக் காரணம். அதே காரணத்தால், கடைசி நிரலில் இருக்கும் ஸ்பேஸ் பட்டை சிக்கிக்கொண்டால் தனக்கு முன்னே பார்க்கப்படும் விசைகளையெல்லாம் அது மூடி மறைத்துவிடும். ஆகவே முழுப் பலகையும் செத்துப்போனதாகத் தோன்றும் கணினியில் ஸ்பேஸ் பட்டையை இரண்டு மூன்று முறை தட்டி, அது முழுதாக மேலெழுகிறதா என்று பார்க்காமல் திருப்புளியை எடுக்க வேண்டாம். ஷிஃப்ட் லாக் கீழே பூட்டிய நிலையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எழுத்துக்குப் பதிலாக வரைகலைக் குறிகள் விழுந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பெரும்பாலான விசைகள் வேலை செய்யும் கணினியில், பேசிக் மொழியில் ஒரு வரிப் புரோகிராம் எழுதி இந்த ஆய்வை இன்னும் துல்லியமாகச் செய்யலாம். 203ஆம் நினைவக இடத்தைப் பீக் கட்டளையால் படித்து அச்சிட்டுக்கொண்டே, கோட்டூ கட்டளையால் அதே வரிக்குத் திரும்பும்படி எழுதினால் போதும். பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பதில் கேள்விக்குறி இட்டாலும் கணினி ஏற்கும். எந்த விசையும் அழுத்தாதபோது 64 என்ற எண் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு விசையை அழுத்தினால் வரும் எண்ணை 8ஆல் வகுங்கள்: ஈவு நிரலின் எண், மீதி நிரையின் எண். ஏ எழுத்துக்கு 10 வரும். அதாவது 1ஆம் நிரல், 2ஆம் நிரை. ஸ்பேஸுக்கு 60 வரும். 7ஆம் நிரல், 4ஆம் நிரை. ஷிஃப்ட், கண்ட்ரோல், காமடோர் சின்னமுள்ள விசை ஆகிய மூன்றும் இந்த இடத்தில் தெரியமாட்டா. அவற்றுக்கு 653ஆம் இடத்தைப் படிக்க வேண்டும், அங்கே ஷிஃப்ட்டுக்கு 1, காமடோர் விசைக்கு 2, கண்ட்ரோலுக்கு 4 என்று வரும். விரலை எடுத்த பிறகும் 203ஆம் இடம் 64க்குத் திரும்பவில்லையென்றால், அங்கே நிற்கும் எண்ணே சிக்கிய விசையின் முகவரி.

இவ்வளவும் செய்தும் பிடிபடாவிட்டால்தான் திறக்க வேண்டும். மின்பெட்டியைக் கழற்றி, கணினியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தின் முன்விளிம்பில் உள்ள மூன்று திருகுகளை எடுத்துவிட்டு நிமிர்த்துங்கள். மேல்மூடி பின்பக்கம் கொக்கிகளில் மாட்டியிருக்கும். ஆகவே முன்பக்கத்தை மெதுவாக உயர்த்தி, புத்தகத்தைத் திறப்பதுபோலத் திறக்க வேண்டும். விசைப்பலகையின் கம்பிக் கொத்தும், சிவப்பு விளக்கின் மூன்று முனை இணைப்பியும் மேல்மூடியைத் தாய்ப்பலகையோடு பிடித்துக்கொண்டிருப்பதால் வேகமாக இழுக்கக் கூடாது. உள்ளே கை வைக்கும் முன் தரையிணைப்பு உள்ள ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக் போர்ட்டின் ஊசிகள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நேராக 6526 சில்லுக்குப் போவதால், உலர்ந்த நாளில் விரலிலிருந்து பாயும் நிலைமின்னே அதைக் கொல்லப் போதும். வெளியிலிருந்து அந்த ஊசிகளை விரலால் தொடுவதையும் எப்போதும் தவிர்க்க வேண்டும்.

கம்பிக் கொத்தின் இருபது முனை இணைப்பியை நேராக மேலே இழுத்துக் கழற்றி, மறுபடியும் செருகி, ஒருமுறை கணினியை இயக்கிப் பாருங்கள். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த ஊசிகளில் படிந்த மாசு இந்த ஒரு செயலிலேயே விலகி, விசைகள் உயிர் பெறுவது அரிதல்ல. பயனில்லையெனில் கணினியை அணைத்து, இணைப்பியை மறுபடி கழற்றிவிடுங்கள். தாய்ப்பலகையில் இப்போது நிமிர்ந்து நிற்கும் ஊசிகளில் ஓர் இடம் காலியாக இருக்கும்; அது 2ஆம் முனை. அதற்கு ஒரு பக்கம் தனியாக நிற்பது 1ஆம் முனை, தரை. மறுபக்கம் 3ஆம் முனை ரீஸ்டோர், 4ஆம் முனை 5 வோல்ட். 5 முதல் 12 வரை நிரைகள். 13 முதல் 20 வரை நிரல்கள்.

நோய் விசைப்பலகையிலா தாய்ப்பலகையிலா என்று ஐயமின்றிப் பிரிக்கும் சோதனை இங்கேதான் இருக்கிறது. நான் மிகவும் நம்பும் சோதனையும் இதுவே. இரு முனைகளும் உரிக்கப்பட்ட ஒரு சிறு கம்பியை எடுத்துக்கொண்டு, விசைப்பலகை இணைக்கப்படாத நிலையில் கணினியை இயக்குங்கள். 1ஆம் முனையையும் 4ஆம் முனையையும் எந்தக் காரணத்தாலும் தொட வேண்டாம். அவற்றின்மேல் சிறு துண்டு ரப்பர் குழாயை மாட்டிவைப்பது நல்லது. கம்பியின் ஒரு முனையை 12ஆம் ஊசியில் பிடித்துக்கொண்டு, மறுமுனையால் 20இலிருந்து கீழ்நோக்கி ஒவ்வோர் ஊசியாகத் தொடுங்கள். 20ஐத் தொட்டால் திரையில் 1, 19ஐத் தொட்டால் 3, 18க்கு 5, 17க்கு 7, 16க்கு 9, 15க்குக் கூட்டல் குறி, 14க்குப் பவுண்ட் குறி விழ வேண்டும். 13ஐத் தொட்டால் கடைசியாக விழுந்த குறி அழிய வேண்டும், ஏனெனில் அது டெலீட். கை நடுங்கினால் ஒரே எழுத்து இரண்டு மூன்று முறை விழலாம், அது பிழையல்ல. இப்போது எட்டு நிரல்களும் சோதிக்கப்பட்டுவிட்டன. அடுத்து 19ஆம் ஊசியில் ஒரு முனையை வைத்து, 5 முதல் தொட்டால் முறையே 4, இ, எஸ், இசட் ஆகியவை 5, 6, 7, 8ஆம் ஊசிகளுக்கு வரும். 10க்கு ஏ, 11க்கு டபிள்யூ, 12க்கு 3 வரும். இடையில் உள்ள 9ஆம் ஊசி 19உடன் சேர்ந்தால் ஷிஃப்ட் என்பதால் திரையில் எதுவும் தெரியாது. அதை மட்டும் 17உடன் தொட்டுப் பாருங்கள், வி என்ற எழுத்து விழ வேண்டும்.

பதினைந்து தொடுகைகளில் பதினாறு கம்பிகளும் சோதிக்கப்பட்டுவிடுகின்றன. எல்லாம் சரியாக வந்தால் தாய்ப்பலகையும் சில்லும் நலம். கோளாறு விசைப்பலகைக்குள் இருக்கிறது. எதையும் தொட்டும் எழுத்து விழாவிட்டாலோ குறிப்பிட்ட ஓர் ஊசிக்கு மட்டும் விழாவிட்டாலோ, விசைப்பலகை குற்றமற்றது. சில்லை வாங்குவதா, விசைப்பலகையைத் துடைப்பதா என்ற முடிவை இந்தச் சோதனை முடியும்வரை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோளாறு விசைப்பலகையில் என்று தெரிந்தால், அதன் இணைப்பியிலேயே மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்து ஓம் அளவில் பாருங்கள். 10க்கும் 19க்கும் இடையே வைத்து ஏ விசையை அழுத்தினால் மின்தடை குறைந்து ஓர் எண் தோன்ற வேண்டும். நன்றாக வேலை செய்யும் விசைகள் காட்டும் அளவோடு ஐயத்துக்குரிய விசையை ஒப்பிடுங்கள். அளவு பன்மடங்கு கூடுதலாக இருந்தாலோ விரலை அழுத்த அழுத்தத் தாறுமாறாக மாறினாலோ தொடுபுள்ளி அழுக்கு. எட்டு விசைகளும் எதுவுமே காட்டாவிட்டால், அந்தக் கம்பியின் இரு முனைகளையும் பாருங்கள்: விசைப்பலகையின் சுற்றுப்பலகையில் சால்டர் செய்யப்பட்ட இடத்திலோ, இணைப்பிக்குள் கவ்வியிருக்கும் இடத்திலோதான் பெரும்பாலும் அறுந்திருக்கும். உறையின் உள்ளே அறுந்த கம்பி வெளிப்பார்வைக்கு முழுதாகவே தெரியும் என்பதால், கண்ணை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டும்.

தொடுபுள்ளிகளைத் துடைக்க, விசைப்பலகையை மேல்மூடியிலிருந்து திருகுகளைக் கழற்றி எடுத்து, விசைகள் கீழே இருக்கும்படி ஒரு மெத்தென்ற துணிமேல் வையுங்கள். பின்புறச் சுற்றுப்பலகையை இருபதுக்கும் மேற்பட்ட மிகச் சிறிய திருகுகள் பிடித்திருக்கும். அவற்றை எடுத்ததும் பலகையைத் தூக்கிவிட நினைக்காதீர்கள்: பெரும்பாலான காமடோர் 64 விசைப்பலகைகளில் ஷிஃப்ட் லாக் விசையின் இரண்டு கம்பிகள் அந்தப் பலகையில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அந்த இரண்டையும் முதலில் விடுவித்தாக வேண்டும். அவசரத்தில் தூக்கினால் கம்பியோடு செப்புத்தடமும் பிய்ந்து வரும்.

பலகையைப் பிரித்தபின், அதன்மேல் கரிய தொடுதிட்டுகளும், ஒவ்வொரு விசைத்தண்டின் நுனியிலும் மின்கடத்தும் கரிய ரப்பரும் தெரியும். கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டின்மேல் படியும் மெல்லிய படலம்தான். திட்டுகளை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மென்மையாகத் துடைத்து, அது நன்றாக உலரும்வரை காத்திருங்கள். உப்புத்தாள், கத்தி, கண்ணாடி நார்ப் பேனா போன்றவற்றை இங்கே பயன்படுத்தவே கூடாது. அந்தக் கருமை அழுக்கல்ல, மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பூச்சே அதுதான், அது போனால் திரும்பாது. ரப்பர் நுனிகளுக்கு ஆல்கஹாலில் லேசாக நனைத்த சாதாரண வெள்ளைத் தாளே போதும்: தாளை நுனியின்மேல் வைத்து இரண்டு மூன்று முறை தேய்த்தால் தாளில் கரிய கோடு விழும், அத்துடன் நிறுத்திவிட வேண்டும். துடைத்த பிறகும் உயிர் பெறாத ரப்பருக்கு, மாற்றாக ஒட்டும் மின்கடத்தும் சிறு வில்லைகள் விற்கப்படுகின்றன.

காபியோ குளிர்பானமோ கொட்டிய பலகை என்றால் இந்தத் துடைப்பு போதாது. விசைமூடிகளையும் கழற்ற வேண்டும். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூடியையும் கம்பியால் ஆன விசை இழுப்பானால் நேர் மேல்நோக்கி இழுக்க வேண்டும், பக்கவாட்டில் நெம்பினால் தண்டு முறியும். மூடிக்கு அடியில் இருக்கும் சுருள்வில் துள்ளி ஓடக்கூடியது, ஆகவே ஒரு கிண்ணத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேஸ் பட்டைக்கு அடியில் அதைச் சமநிலையில் வைக்கும் உலோகக் கம்பி ஒன்று கொக்கிகளில் மாட்டியிருக்கும். அதை விடுவித்த பிறகே பட்டை முழுதாக வரும். மூடிகளையும் சட்டத்தையும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம். வில்களையும் ஷிஃப்ட் லாக்கையும் நனைக்க வேண்டாம்.

இனி, கம்பிச் சோதனையில் தாய்ப்பலகையே குற்றவாளி என்று தெரிந்த நிலையைப் பார்ப்போம். கணினியை அணைத்து, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலி அளவில் வைத்து, இணைப்பி ஊசிக்கும் யூ1 சில்லின் காலுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில்லின் 2ஆம் காலிலிருந்து 9 வரை 0 முதல் 7 வரையான நிரல்கள். 10இலிருந்து 17 வரை 0 முதல் 7 வரையான நிரைகள். ஆனால் இணைப்பியில் இந்த ஒழுங்கு இல்லை. நிரைகள் 0, 1, 2 ஆகியவை 12, 11, 10ஆம் ஊசிகளிலும், 3 என்பது 5இலும், 4, 5, 6 ஆகியவை 8, 7, 6இலும், 7 என்பது 9இலும் இருக்கின்றன. நிரல்களில் 0 என்பது 13, 7 என்பது 20. இடையில் உள்ள 1 முதல் 6 வரை 19இலிருந்து 14 வரை இறங்குவரிசையில் உள்ளன. மீட்டர் ஒலிக்காத கம்பியில் தடமோ சால்டரோ விட்டிருக்கிறது. இணைப்பியின் அடிப்பக்கச் சால்டரை மறுபடி உருக்கினாலே பல சமயம் தீர்ந்துவிடும். எல்லாக் கம்பிகளும் ஒலித்தும் எழுத்து வரவில்லை என்றால், அப்போதுதான், முதன்முறையாக, சில்லை ஐயப்பட நமக்கு உரிமை உண்டாகிறது.

நல்ல வாய்ப்பாக, அதே 6526 சில்லு யூ2 என்ற இடத்திலும் இருக்கிறது. அங்கே அது வட்டு இயக்கிக்குரிய தொடர் இணைப்பையும் பயனர் போர்ட்டையும் கவனித்துக்கொள்கிறது. இரண்டும் சாக்கெட்டில் இருந்தால், கணினியை அணைத்து, சில்லின் ஒரு முனையில் உள்ள வெட்டுக்குறி எந்தப் பக்கம் நோக்குகிறது என்று கவனித்து, இரண்டையும் இடம் மாற்றுங்கள். விசைகள் உயிர் பெற்றால் யூ1இல் இருந்த சில்லு கெட்டது என்பது உறுதி. கோளாறு உள்ள சில்லு இப்போது யூ2இல் இருப்பதால் வட்டு இயக்கி வேலை செய்யாமல் போகலாம், திரையிலும் குழப்பம் தோன்றலாம். அது எதிர்பார்க்க வேண்டியதே. மாற்றாக 6526ஏ, பிந்தைய கணினிகளில் வந்த 8521 ஆகிய இரண்டும் பொருந்தும். காமடோர் நிறுவனத்தின் இன்னொரு கணினியான அமிகாவுக்கு உரிய 8520 சில்லு அதே கால் அமைப்பைக் கொண்டிருந்தாலும் அதன் உள்நேரக் கடிகாரம் வேறு விதமானது, ஆகவே அதை நிரந்தர மாற்றாக வைக்க நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சில்லுகள் நேராகப் பலகையில் சால்டர் செய்யப்பட்டிருந்தால், மேலே சொன்ன சோதனைகள் அனைத்தையும் இன்னொரு முறை செய்து, முடிவு மாறவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே கழற்றுங்கள். உறிஞ்சும் பம்ப் பொருத்திய சால்டர் கருவி இல்லாதவர்கள், கெட்டது என்று உறுதியான சில்லின் நாற்பது கால்களையும் கூரிய கட்டரால் வெட்டி, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுப்பதே பலகைக்குப் பாதுகாப்பு. செத்த சில்லைக் காப்பாற்றுவதற்காக உயிருள்ள பலகையை இழக்க வேண்டாம். புதிய சில்லைச் சாக்கெட் இல்லாமல் வைக்க வேண்டாம்.

ரீஸ்டோர் விசை மட்டும் வேலை செய்யாவிட்டால் மேற்சொன்ன அணி ஆய்வு எதுவும் அதற்குப் பொருந்தாது. அது 3ஆம் முனை வழியாகத் தனிச் சுற்றுக்குப் போகிறது. அதைத் தனியாக அழுத்தினால் திரையில் எதுவும் நேராது, ரன்-ஸ்டாப் விசையோடு சேர்த்துத்தான் அழுத்த வேண்டும். பழைய பலகைகளில் அதை மெதுவாக அழுத்தினால் கணினி கவனிக்காது, சுண்டுவதுபோலச் சட்டெனத் தட்ட வேண்டும். இது கோளாறல்ல, அந்தப் பலகைகளின் இயல்பு.

எல்லாம் சரியானபின், மேல்மூடியைத் திருகுவதற்கு முன்பே, திறந்த நிலையில் தாளில் உள்ள ஒவ்வொரு விசையையும் மறுபடி மூன்று முறை அழுத்திப் பாருங்கள். ஷிஃப்ட் லாக்கின் இரண்டு கம்பிகளும் மீண்டும் சால்டர் செய்யப்பட்டனவா, அது பூட்டித் திறக்கிறதா, சிவப்பு விளக்கின் இணைப்பி மாட்டப்பட்டதா, ஊசிகளில் மாட்டிய ரப்பர் துண்டுகள் எடுக்கப்பட்டனவா என்று பாருங்கள். பின்பக்கக் கொக்கிகளை முதலில் பொருத்தி, கம்பிக் கொத்து எந்த விளிம்பிலும் நசுங்காமல் பார்த்து மூடியை இறக்கி, மூன்று திருகுகளையும் அளவாக, பிளாஸ்டிக் விரிசல் விடாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.